நடந்து பார்த்த ரோடு

ஜூன் 10, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரம் நடந்தேன், இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து மாதம் ஒரு முறை கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். யூனியனில் கொடுத்த டைரி ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது.

முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று கோடு போட்டிருக்கிறார்கள். சௌந்தரபாண்டி, 51, பஸ் டிரைவர் என்று எழுதினேன். இப்போது டிரைவர் வேலை இல்லை, லைட் டூட்டி. டிப்போ ஆபீஸில் உட்கார்ந்து வண்டி போவதையும் வருவதையும் ரெஜிஸ்டரில் ஏற்றுகிற வேலை. செப்டம்பர் 9-ஆம் தேதி மெடிக்கல் போர்டு. அதில் பாஸானால் மறுபடி ஸ்டியரிங்.

எடை 91. வெறும் வயிற்றில் சர்க்கரை 212. பிரஷர் 150-க்கு 96. உடைந்த விலா எலும்பு கூடிவிட்டது என்றார்.

நடந்தது: 5.45-க்குக் கிளம்பி ரைஸ்மில் வரை போய் 6.10-க்குத் திரும்பினேன்.

சாப்பிட்டது: மூன்று இட்லி. (நாலு.)

ஜூன் 12, புதன்

டாக்டரம்மா எழுதிய மாத்திரையை வாங்கினேன். இரண்டு வருஷமாக நானே மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடுகிற பழைய மாத்திரையையும் விடவில்லை. அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. டிப்போவுக்கும் தெரியாது. டிரைவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இரண்டையும் போட்டால் சீக்கிரம் குறையும்.

இந்த டைரியை அவரிடம் காட்ட முடியாது. அவருக்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

டிப்போவுக்கு நடந்தே போகிறேன். மூன்று கிலோமீட்டர், 42 நிமிடம். வாசலில் டவுன் பஸ் நிற்கிறது, எதற்கு வெயிலில் நடை என்று என் வீட்டுக்காரி கலைமணி கேட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தெருமுனைக் கடைக்கே பைக்கில் போகிற ஆள் நான். பைக்கை அவள் தம்பி வாங்கிக்கொண்டு போனான். அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 19, புதன்

இன்று காலை நத்தம் ரோட்டில் இரண்டாவது கிலோமீட்டர் கல் வரை போனேன். கரண்டுக் கம்பியில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. மங்கலான மண் நிறம், பார்க்க ஒன்றுமேயில்லை. பக்கத்தில் போனதும் பறந்தது. இறக்கையை விரித்ததும் உள்ளே அத்தனை நீலம். அப்படியே நின்றுவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் இந்த ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், ஒரு நாளைக்கு ஆறு நடை. எந்த வளைவில் எந்த கியர், எங்கே பள்ளம், எந்த ஸ்டாப்பில் யார் கைகாட்டுவார்கள், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பறவை கம்பியில் எத்தனை முறை உட்கார்ந்திருக்குமோ, நான் பார்த்ததில்லை. டீக்கடையில் அதன் பெயரைக் கேட்டேன். "ஏதோ குருவிண்ணே" என்றார்கள். அது குருவி இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிகிறது.

ஜூன் 21, வெள்ளி

டிப்போவுக்குப் போகும் வழியில் கிளை நூலகம் ஒன்று இருக்கிறது. நடந்து வந்த வியர்வை அடங்கட்டும் என்றுதான் உள்ளே போனேன், ஃபேன் இருந்தது. நூலகர் பெயர் திலகவதி என்று மேஜைமேல் பலகை வைத்திருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதும் ஃபேன் என்று சொல்ல முடியவில்லை. பறவை புஸ்தகம் இருக்கிறதா என்றேன்.

தடிமனாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பனங்காடை. பெயர் கிடைத்ததும் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் தொட்ட முதல் புஸ்தகம் இது. டிப்போவுக்குப் பத்து நிமிடம் லேட்டாகப் போனேன், என் பெயரையே நான் லேட் ரெஜிஸ்டரில் எழுதினேன்.

ஜூன் 30, ஞாயிறு

நாலாவது கிலோமீட்டரில் வலப்பக்கம் பூசாரிக்கரடு இருக்கிறது. கரடு என்றால் பெரிய மலை இல்லை, பாறையும் முள்ளுமாக ஒரு மேடு. இதற்குப் பெயர் இருப்பதே ஆடு மேய்க்கிற ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். எனக்கு அது இத்தனை வருஷமாக "மூன்றாவது கியர் ஏற்றம்" மட்டும்தான்.

ஏறினேன். பாதி தூரத்தில் முட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாலு தடவை உட்கார்ந்தேன். மொத்தம் 1 மணி 10 நிமிடம். மேலே போனதும் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தொட்டது. வடக்கே சிறுமலை, கீழே தென்னந்தோப்பு, ரோடு ஒரு நாடாவைப் போட்டது மாதிரி. கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் ரோடு வளைகிற இடமும் புளியமரமும் தெரியும். அந்தப் பக்கம் நான் உட்காரவில்லை. வெயில்.

ஜூலை 7, ஞாயிறு

நத்தத்தில் கலைமணியின் சித்தப்பா மகள் கல்யாணம். எனக்கு வயிறு சரியில்லை, அவள் மட்டும் பஸ்ஸில் போனாள்.

காலையில் கரடு ஏறினேன். 52 நிமிடம்.

ஜூலை 15, திங்கள்

எடை 87. டாக்டரம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடம் என்னைக் காட்டி, இவரைப் பாருங்கள், பஸ்ஸைத் தொடாமல் எங்கே போனாலும் நடந்தே போகிறார் என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று கரட்டின் உச்சியில் ஒன்று கண்டேன். தட்டையான பாறையில் வட்டவட்டமாகக் குழிகள், இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு. பல்லாங்குழி. யாரோ உளியால் செதுக்கியிருக்கிறார்கள். குழிகளின் விளிம்பு கையால் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. தண்ணீரில்லாத இந்த உச்சிக்கு யார் வந்து விளையாடியிருப்பார்கள்? காவலுக்கு நின்றவர்களா? ஆடு மேய்த்தவர்களா? எதிரே உட்கார்ந்தது யார்?

நூலகத்தில் கேட்க வேண்டும் என்று நினைத்தபடியே இறங்கினேன். இறங்கும்போது முட்டி வலித்ததா என்று ஞாபகமில்லை.

ஜூலை 23, செவ்வாய்

திலகவதி அம்மா நடுகற்கள், பழைய பெருவழிகள் பற்றி ஒரு புஸ்தகம் கொடுத்தார். பல்லாங்குழி பற்றி அதில் இல்லை. ஆனால் இந்த ரோடு முன்பு மிளகு மூட்டை ஏற்றிய எருதுகள் போன பாதையாக இருக்கலாம் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். அவரிடம் சொன்னேன். "ஆதாரம் கெடைச்சா எனக்கும் சொல்லுங்க சார்" என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தார். படிவத்தில் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

44 நிமிடம். எங்கேயும் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து யோசித்தேன்.

லூயிஸ் என் கண்டக்டர். மரிய லூயிஸ். ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் ஓடியிருக்கிறோம். மே மாதம் ஆறாம் தேதி காலையிலும் அவன்தான் இருந்தான். அப்படி என்னதான் மேலே இருக்கிறது என்று பார்க்க, இன்று என்னோடு கரட்டுக்கு வந்தான். பாதியிலேயே அவனுக்கு மூச்சு முட்டியது, என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வேகமாக ஏறினேன். மாத்திரை இரண்டையும் போட்டிருந்தேன். இறங்கி வந்து சாப்பிடலாம் என்று எதுவும் சாப்பிடவில்லை.

உச்சிக்குப் போய்க் குழிகளை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். உதடு மரத்தது. முதுகெல்லாம் குளிர்ந்த வியர்வை. கை நடுங்கியது. லூயிஸ் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. இது எனக்குப் புதிதில்லை.

பாறையில் சாய்த்து உட்காரவைத்தான். அவன் பையில் கடலை மிட்டாய் இருந்தது. உடைத்து என் வாயில் போட்டான், மென்று முழுங்கு என்று திட்டினான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வானம் பழைய இடத்துக்கு வந்தது. தண்ணீர் குடித்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்தது கிழக்குப் பக்கம். ரோட்டின் வளைவும் புளியமரமும் நேர் எதிரே தெரிந்தன.

லூயிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கும் உங்க மொகம் இப்படித்தாண்ணே இருந்துச்சு. கண்ணாடியில பாத்தேன்."

நான் தண்ணீர்ப் பாட்டிலை மூடினேன்.

"நாய் வரலண்ணே."

எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். போலீஸ், டிப்போ மேனேஜர், விசாரணை ஆபீஸர், கலைமணி. எல்லாரிடமும் நாய் குறுக்கே வந்தது, ஸ்டியரிங்கை ஒடித்தேன், வண்டி மரத்தில் போய் மோதியது என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி அந்த நாய்க்கு எனக்குள் ஒரு நிறம்கூட வந்துவிட்டது. செவலை. லூயிஸும் நாயைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகவே போட்டான்.

இறங்கினோம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

டிப்போவில் லூயிஸ் ஒதுங்கிப் போனான். நானும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

நூலகத்தில் சர்க்கரை நோய் பற்றி ஒரு புஸ்தகம் எடுத்தேன். தாழ்சர்க்கரை என்று ஒரு அத்தியாயம். அதைப் படிக்காமல் அடுத்ததுக்குப் போனேன்.

பிறகு திரும்பி வந்து படித்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், அல்லது ரொம்ப உழைத்தால், சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம், நினைவு தப்புதல். வாகனம் ஓட்டுபவர்கள் கவனம் என்று தனியே கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். இந்தப் புஸ்தகம் எட்டு வருஷமாக இந்த அலமாரியில் இருக்கிறது. நான் நூலக வாசலில் இருபது அடி தூரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இனி உள்ளதை எழுதுகிறேன். ஏப்ரலில் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போது வந்தது. இன்னொரு தடவை ஆளில்லாத வண்டியை டிப்போவுக்கு எடுத்துப் போகும்போது. இரண்டு முறையும் டீயில் சர்க்கரையைக் கூடப் போட்டுக் குடித்துச் சரிசெய்துகொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மே 6-ஆம் தேதி முதல் நடை, 5.10 வண்டி. நாலரைக்கு மாத்திரை போட்டேன். நத்தம் போய்ச் சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு ஏறினேன். கரட்டைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் புளியமரம்.

வண்டியில் முப்பத்தோரு பேர். யாரும் சாகவில்லை. மேலக்கல்பட்டி பஞ்சவர்ணம் என்கிற அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர்.

ஆகஸ்ட் 8, வியாழன்

டாக்டரம்மாவிடம் பழைய மாத்திரை அட்டையையும் கொண்டுபோய் வைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாக, "நாப்பது பக்க நோட்டுல இது ஒண்ணைத்தான் எழுதல, இல்லையா?" என்றார். பழையதை அங்கேயே குப்பையில் போட்டார். புதியதன் அளவைக் குறைத்தார். சாப்பிடாமல் ஒரு அடி நடக்கக் கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டார். நடையை விடக் கூடாது என்றும் சொன்னார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கலைமணியிடம் சொன்னேன். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தவில்லை. நான் முடித்தபோது துணியும் முடிந்தது, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். அன்று லூயிஸ் ஆஸ்பத்திரிக்கு என் பையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தானாம். தூக்குவாளியில் அவள் வைத்துவிட்ட நாலு இட்லியும் அப்படியே இருந்ததாம். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று மூன்று மாதம் காத்திருந்திருக்கிறாள்.

கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்றும் தெரியும் என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் இங்கே எழுதிவிடுகிறேன். மே 6-க்குப் பிறகு நான் ஒரு பஸ்ஸிலும் ஏறவில்லை. பைக்கையும் தொடவில்லை. படிக்கட்டில் கால் வைக்கப் போனால் உதடு மரக்கிறது. அது சர்க்கரை இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மேலக்கல்பட்டிக்கு நடந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு தோசை சாப்பிட்டு, சட்டைப் பையில் பேரீச்சம்பழம் போட்டுக்கொண்டு 5.20-க்குக் கிளம்பினேன்.

ஆறாவது கிலோமீட்டரில் புளியமரம். தாண்டிப் போக முடியாது என்று நினைத்திருந்தேன். பட்டை ஒரு முழத்துக்கு உரிந்திருந்தது, அதில் பஸ்ஸின் பச்சைப் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அடியில் எறும்புகள் வரிசையாக உரிந்த இடத்தின் வழியே ஏறிக்கொண்டிருந்தன. எதற்காக அந்த வழி என்று நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே கடந்துவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு ஊருக்குள் போனேன். பஞ்சவர்ணம் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். நாற்பது வயது இருக்கும். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், இடது கையால். வலது மணிக்கட்டு லேசாகக் கோணிக் கூடியிருந்தது. நான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "டிரைவர்தானே" என்றார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாதம் வடிக்கிற அண்டாவைத் தூக்க முடியவில்லை, உதவியாளர் வந்து தூக்கிக் கொடுக்கிறாள், எவ்வளவு நாளைக்குத் தூக்குவாளோ என்றார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"நான் முன் சீட்டுல உக்காந்திருந்தேன். கண்ணு முழிச்சுத்தான் இருந்தேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். நாய் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

போலீஸ் கேட்டபோது கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனால் மூன்று மாதமாக அதே யோசனையாம். தனக்குத்தான் கண் தெரியவில்லையோ என்றுகூட நினைத்தாராம்.

நாய் வரவில்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏப்ரலில் வந்த இரண்டு தடவையையும் சொன்னேன். கீரையைத் தட்டோடு ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மறுபடி ஓட்டப் போறீங்களா?"

பதினைந்து நாளில் போர்டு, எடை குறைந்துவிட்டது, சர்க்கரையும் சரியாகிவிட்டது, பாஸாகிவிடுவேன் என்று என் வாய் சொல்லிக்கொண்டே போனது. அவர் அதைக் கேட்கவில்லை என்று எனக்கே புரிந்து நிறுத்தினேன்.

வெயில் ஏறிவிட்டது, பத்து மணி பஸ்ஸில் போங்கள் என்றார். நடந்தே போகிறேன் என்றேன். என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க பஸ்ல ஏறுறதில்லையா?" என்றார். "நான் ரெண்டாவது வாரமே ஏறிட்டேன். கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகணுமே, யாரு கொண்டுபோய் விடுவா?" கீரைத் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பஸ்ஸு மேல எனக்குப் பயம் இல்ல. நீங்க ஓட்டுனா ஏற மாட்டேன். அவ்வளவுதான்."

அதில் கோபம் எதுவும் இல்லை. மழை வரும், குடை எடுத்துப் போ என்று சொல்வது மாதிரி சொன்னார்.

திரும்பி வர நாலு மணி நேரம் ஆயிற்று. வழியில் மூன்று பனங்காடை.

ஆகஸ்ட் 28, புதன்

லூயிஸைக் கேன்டீனில் பிடித்தேன். போர்டில் உள்ளதைச் சொல்லப் போகிறேன், உன் கையெழுத்தும் வெளியே வரும், மன்னித்துக்கொள் என்றேன். எனக்கு எதுவும் தெரியாது, டிரைவர் சொன்னதை நம்பினேன் என்று எழுதிக் கொடு, தப்பித்துக்கொள்வாய் என்று வழியும் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

லூயிஸ் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு வெள்ளைத் தாள், அவன் எழுதிய கடிதம். நாய் எதையும் நான் பார்க்கவில்லை, டிரைவருக்கு உடம்பு முடியாமல் போனதைப் பார்த்தேன், மறைத்தது என் தவறு என்று நாலு வரி. எதற்குடா என்றேன்.

"நீங்க மட்டும் உண்மைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருவீங்க. நான் மட்டும் அந்த நாய வச்சுக்கிட்டுத் திரியணுமாக்கும்" என்றான்.

கலைமணி அவனுக்கும் தோசை வார்த்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கரடு. 38 நிமிடம். இன்று எதையும் தேடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், கிழக்குப் பக்கம்.

செப்டம்பர் 9, திங்கள்

போர்டில் மூன்று டாக்டர்கள். எடை 81. சர்க்கரை 118. பிரஷர் 128-க்கு 82. டிரெட்மில்லில் ஏற்றி ஓடவிட்டார்கள், நான் நிற்பதற்கு முன் அவர்களே நிறுத்திவிட்டார்கள். மூத்தவர் நல்ல மனிதர். மூன்று மாதத்தில் பத்துக் கிலோவா, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நடந்தேன், படித்தேன் என்றேன். படித்தால் எடை குறையுமா என்று சிரித்தார்.

பிறகு படிவத்தைக் கொடுத்தார்கள். ஏழாவது கேள்வி: இதற்கு முன் மயக்கம் அல்லது நினைவு தப்புதல் ஏற்பட்டதுண்டா? ஜூனில் லைட் டூட்டிக்கு வரும்போதும் இதே படிவம் கொடுத்தார்கள். இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா எடுத்து ஒரு வினாடி ஆகவில்லை அப்போது.

இன்று ரொம்ப நேரமாயிற்று. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஸ்டியரிங்கைப் பிடித்தால் உள்ளங்கையில் எஞ்சின் துடிப்பது தெரியும். வேறெதிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. கரட்டில்கூட இல்லை. ஆம் என்று எழுதினேன். நாலு முறை என்று பக்கத்தில் எழுதித் தேதிகளையும் போட்டேன். மே 6-க்கு நேராக, வண்டி ஓட்டும்போது என்று எழுதினேன். லூயிஸின் கடிதத்தையும் என் கடிதத்தையும் சேர்த்து வைத்தேன்.

மூத்த டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதாமலிருந்தால் இன்றைக்கே உங்களை ஓட்ட அனுப்பியிருப்பேன், தெரியுமா?" என்றார்.

தெரியும் சார் என்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆர்டர் வந்தது. பயணிகள் வண்டி ஓட்டத் தகுதியில்லை, நிரந்தரமாக. பொய்யான அறிக்கைக்கு என் மேல் தனியாக விசாரணை நடக்கும். லூயிஸுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். எனக்கு அடுத்த மாதத்திலிருந்து பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை.

படித்துவிட்டுப் பின்பக்கம் ஷெட்டுக்குப் போனேன். என் பழைய வண்டிக்குப் புது முகப்பு மாட்டியிருந்தார்கள். கதவைத் தொட்டேன், ஏறவில்லை. அழுதேன் என்று எழுத வேண்டும் என்றால் எழுதுகிறேன்.

சாயங்காலம் நூலகத்தில் உறுப்பினர் படிவத்தில் விட்டுப்போன இடத்தை நிரப்பச் சொன்னார் திலகவதி அம்மா. டைம் கீப்பர் என்று எழுதினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பஞ்சவர்ணத்திடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நடக்கலாம், பன்னிரண்டு கிலோமீட்டர் இப்போது பெரிதில்லை. ஆனால் ஸ்டாப்பில் போய் நின்றேன். மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவது வண்டியில், முன்னால் நின்ற அம்மா கூடையைப் பிடிங்க என்று என் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார். கூடை என்னிடம், அவர் உள்ளே. நானும் ஏறினேன்.

இடப்பக்க ஜன்னல். டிரைவர் என்னைவிட இருபது வயது சின்னவர், நன்றாகத்தான் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. பக்கத்தில் இருந்த பெரியவர், கால் வலியா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். புளியமரம் வந்தது, போனது. கம்பியைப் பிடித்திருந்த கை வேர்த்திருந்தது, உதடு மரக்கவில்லை.

ஆர்டரைப் பற்றி நான் சொன்னதும் பஞ்சவர்ணம் தலையாட்டினார். வருத்தப்படவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "இனிமே டயம் எழுதுற வேலைதானே? எங்க ஊருக்கு வர்ற ஏழு மணி பஸ்ஸு ஒரு நாளும் ஏழு மணிக்கு வந்ததில்ல. அதை மொதல்ல பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன். டீ கொடுத்தார், சர்க்கரை அளவைக் கேட்டுப் போட்டார்.

திரும்பும்போதும் இடப்பக்க ஜன்னலே கிடைத்தது. எட்டாவது கிலோமீட்டரில் சீமைக்கருவேல வேலி நீளமாகப் போகும், ஆள் உயரத்துக்கு மேலே. நடக்கும்போது அது வெறும் முள்வேலி. ஓட்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பியதேயில்லை. இன்று ஜன்னல் உயரத்திலிருந்து வேலிக்கு அப்பால் தெரிந்தது. தரிசு நிலத்தின் நடுவில் நாலு கல்தூண், மேலே கல்லால் கூரை, கூரையின் மேல் ஒரு ஆலமரக் கன்று வேர் விட்டு நிற்கிறது. கோயில் இல்லை, வாசல் எந்தத் திசையிலும் இல்லை. முன் சீட்டுக்காரரிடம் அது என்ன என்று கேட்டேன். தினமும் இதே பஸ்ஸில் போகிறவராம், எது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஊர் வரைக்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன். கண்டக்டரிடம் விசில் அடிக்கச் சொல்லி இறங்கினேன். பஸ் போன தூசி அடங்கும்வரை ஓரமாக நின்றுவிட்டு வேலியை ஒட்டியே நடந்தேன். பேரீச்சம்பழம் இரண்டைத் தின்றேன். நூறு அடி தள்ளி, முள்ளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குச் சந்து இருந்தது.

நுழைந்தேன்.